இராமலெட்சுமி கொடுக்காத தட்டு

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்னால், ஒரே குழாயடியைச் சுற்றி நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகளுக்குத் தோட்டம் என்று பெயர். அங்கே போய் இராமலெட்சுமி வீடு எது என்று கேட்டால் யாரும் உடனே கையை நீட்ட மாட்டார்கள். "அழகர் பொஞ்சாதியா, அந்த ஊமைச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் காட்டுவார்கள். அவள் ஊமைச்சி இல்லை. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் நாலு முகத்தைப் பார்க்கிறவள். அவள் பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவளும் வாயை மூடிக்கொள்வாள்.

மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்தெடுக்கப் போனதும் சின்னதுகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்ததால் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அழகருக்கு வாழ்க்கைப்பட்டுக் கொழும்புக்கு வந்த கொஞ்ச நாளில் ரபீக்காவின் தையல் கடையில் சேர்ந்தாள். முஸ்லிம் வீடுகளில் அக்காளைக் கூப்பிடுவதுபோல அவளைத் தாத்தா என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பித்தான் வைப்பது அவள் வேலை. கடைக்கு வந்து போகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கேட்டே சிங்களம் பழகிக்கொண்டாள்.

அழகர் ஹாபரில் கப்பல் சாமான்களைக் கொக்கியில் மாட்டிவிடுகிறவர். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கோளாறு, யார் எதைச் சொன்னாலும் "பார்ப்பம்" என்பதுதான். வீட்டுக்கூரை ஒழுகினாலும் பார்ப்பம், அம்மா அழுதாலும் பார்ப்பம்.

அழகரின் ஆட்கள் பாட்டன் காலத்தில் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஹாபர் வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள். வரும்போது ஒரு கல்லையும் கொண்டுவந்தார்கள். அந்தக் கல்தான் கருப்பர். தோட்டத்தின் கடைசி மூலையில், மதிலோரம், தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறார். அவரை ஆறேழு பங்காளி வீடுகள் சேர்ந்து கும்பிட்டு வந்தன. ஆடி மாதம் எல்லோரும் ஒரே பானையில் பொங்குவார்கள். அந்தப் பானைக்கு மூத்த வீட்டு ஆண்பிள்ளைதான் நெருப்பு வைக்க வேண்டும். மூத்த வீடு அழகருடையது. ஆகவே அழகருக்குப் பிள்ளை இல்லை என்பது புருஷன் பெண்டாட்டி சங்கதியாக இருக்கவில்லை. பங்காளிகள் அத்தனை பேரும் அவள் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் நாகமணி முதல் இரண்டு வருடம் நேர்த்தி வைத்தாள். பிறகு ஏச ஆரம்பித்தாள். வளைகாப்பு வீடுகளில் இராமலெட்சுமியை அடுப்படியில் உட்கார்த்திவிடுவார்கள். தொட்டில் கட்டும் வீட்டில் அவள் எட்டிப் பார்த்தால் பிள்ளைக்காரி முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடுவாள். அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. யார் மூடினார்கள், யார் மூடவில்லை என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் ரபீக்கா சொல்லி, மருதானையில் ஒரு டொக்டரம்மாவிடம் இருவரும் போனார்கள். ஒரு தடவைக்கு மூன்று தடவையாகச் சோதித்துவிட்டு அந்த அம்மா இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சிங்களத்தில் சொன்னார். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. குறை ஆணிடம் இருக்கிறது, சின்ன வயதில் கண்ட நோயொன்றினால் வந்தது, மருந்தால் மாறாது. அழகருக்கு எல்லாம் விளங்கியும், "என்ன சொல்றாங்க?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் தமிழில் ஒரு தடவை சொன்னாள்.

மருதானைப் பாலத்தடியில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்தார்கள். அழகர் கிளாசைப் பார்த்தபடியே, இதை யாரிடமும் சொல்லாதே என்றார். அவள் தலையாட்டினாள். அன்று தலையாட்டியது அவருக்காக. அதன் பிறகு தோட்டத்தில் யாராவது மலடி என்று முணுமுணுத்தால் அவளுக்கு வலிக்கவில்லை, தனக்கில்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று இருந்தது. வெளியே போகும்போது புருஷனுடைய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல அந்தப் பெயரைச் சுமந்தாள். அப்படியே செத்துப்போகும்வரை சுமந்திருப்பாள். ஆனால் பங்காளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது.

எந்தப் பங்காளி வீட்டிலும் பன்னிரண்டு ஆடி கழிந்தும் பிள்ளை இல்லையென்றால் இன்னொருத்தியைக் கட்டி வைப்பார்கள். கருப்பர் முன்னால் நின்று தாலித் தட்டை மூத்த பெண்டாட்டிதான் தன் கையால் எடுத்துக் கொடுத்து, "நான் தந்தேன்" என்று சொல்ல வேண்டும். அவள் கை படாத தாலிக்குப் பிறக்கிற பிள்ளை பங்காளியாகாது, மூத்த வீட்டுப் பிள்ளையானால் பானைக்கு நெருப்பும் வைக்க முடியாது. மூத்தவள் செத்துவிட்டாலோ, கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாலோ, புருஷனுடைய அக்காள் அவளுக்குப் பதிலாக நின்று கொடுக்கலாம்.

இராமலெட்சுமி கல்யாணமாகி வந்த புதிதில் இன்னொரு பங்காளி வீட்டுக்கு அந்தச் சடங்கு நடந்ததை ஒருமுறை பார்த்திருந்தாள். அன்று கொடுப்பதற்காகத் தட்டை வாங்கிய மூத்தவளின் கையில் அது சாய்ந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தி தாங்கிப் பிடிக்கப் போனாள். பூசை செய்துகொண்டிருந்த செல்லையா, "தொடாத, கருப்பர் குடுத்தது, அவ கையாலயே அவ குடுக்கணும், வேற கை பட்டா வம்சம் விளங்காது" என்று கத்தினார். செல்லையா அழகரின் சித்தப்பா, பங்காளிகளுக்குப் பெரியவர். கத்தினால் மதிலில் இருக்கும் காக்கையும் எழும்பிப் போகும். அந்தப் பெண் அழுதுகொண்டே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மறுபடி அவளை யாரும் கவனிக்கவில்லை. இராமலெட்சுமி மட்டும் கவனித்தாள்.

பன்னிரண்டாவது ஆடி, தொண்ணூற்றாறாம் வருடம் கழிந்தது. கோட்டையில் குண்டு வெடித்த வருடம் அது. கொட்டாஞ்சேனையில் விடியற்காலைச் சுற்றிவளைப்பும், றோட்டுக்கு றோட்டு செக்கிங்கும், ஊரிலிருந்து யாராவது வந்தால் பொலிஸில் பதிவதும் சாப்பாடு தண்ணீர்போல ஆகியிருந்தன. அந்தக் கலவரத்திலும் பங்காளிகள் கணக்கை மறக்கவில்லை. தை பிறந்ததும் செல்லையா வீட்டில் கூடிப் பேசி, மலை நாட்டில் கடை வைத்திருந்த நாகமணியின் தம்பி தங்கையாவுடைய மகளைக் கேட்பதென்று முடிவு செய்தார்கள். அழகருக்கு மாமன் மகள், முறைப்பெண். அழகர் அந்தக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்று இராமலெட்சுமி கேட்டாள். "பார்ப்பம்னேன்" என்றார்.

"டொக்டரம்மா சொன்னது?"

"டொக்டர் என்ன கடவுளா? அவுங்களுக்கும் பிழைக்கும்."

"பிழைக்கலன்னா?"

அழகர் எழும்பிப் போய்க் கைகால் கழுவினார். ஏற்கெனவே கழுவியிருந்தார்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் இரண்டாம் கல்யாணத்துக்கு ஆசைப்படவில்லை. டொக்டர் சொன்னது பொய் என்று யாராவது நிரூபித்துத் தரமாட்டார்களா என்று ஏங்கினார். அதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை செலவாகும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

கடையில் இந்தச் செய்தியைக் கேட்டு ரபீக்கா தைத்துக்கொண்டிருந்த மெஷினையே நிறுத்திவிட்டாள். "எங்கட ஆம்புளைகளுக்கு நாலு கலியாணம் முடிக்கேலும் புள்ள. ஆனா மூத்த பொஞ்சாதிட கையாலயே தாலியக் குடுக்க வைக்கிற கெட்டித்தனம் எங்கட ஆக்களுக்கு இன்னம் வரல்ல" என்றாள். பிறகு, வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். இராமலெட்சுமி ஊசியில் நூலைக் கோத்தாள். மாட்டேன் என்று இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்திருந்தாள். அன்றைக்கே மஸ்கெலியாவுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். தெமட்டகொடையில் இருக்கும் அழகரின் அக்காள் வந்து தட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

மாசி மாதம் தங்கையா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் பாக்கியலெட்சுமி. இருபது வயது. பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை எழுதியிருந்தாள். தலையில் எண்ணெய் வழியச் சீவி, முழுக்கை சுவெட்டரோடு கொழும்பு வெயிலில் வந்து நின்றாள். பதிவு செய்ய அவளைப் பொலிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அழகரை முன்பொரு தடவை சுற்றிவளைப்பில் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்ததால் பொலிஸ் வாசலை மிதிக்கப் பயம். இராமலெட்சுமிதான் போனாள். மேசையில் இருந்தவன் பெண்ணின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மே கவுத?" என்றான். இவள் யார் என்று கேட்கிறான். என்ன சொல்வது? என் புருஷனுக்குக் கட்டப்போகிறவள் என்றா?

"மகே நங்கி, சேர்" என்றாள் இராமலெட்சுமி. என் தங்கச்சி.

வெளியே வந்ததும் அந்தப் பெண் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வீதி கடக்கப் பயந்துதான் பிடித்தாள். ஆனால் கடந்த பிறகும் விடவில்லை.

சடங்குக்குக் குறித்த வெள்ளிக்கிழமைவரை பாக்கியலெட்சுமி அந்த ஒற்றை அறை வீட்டில்தான் இருந்தாள். அழகர் செல்லையா வீட்டில் படுத்துக்கொண்டார். பகலில் இருவரும் கதவடியில் உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குப் பித்தான் வைத்தார்கள். சின்னவள் பித்தானை இறுக்கித் தைத்துவிடுவாள். கொஞ்சம் தளர விடு, இல்லாவிட்டால் துளைக்குள் போகாது என்று மூத்தவள் பிரித்துக் கொடுப்பாள். அப்படி ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போது சின்னவளே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, நான் ஒங்களுக்குப் போட்டியா வரல. மொதப் புள்ளைய ஒங்க மடியிலதான் போடுவேன். சாமி மேல சத்தியம்."

இராமலெட்சுமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒனக்கும் பொறக்கலன்னா?" என்று கேட்டாள்.

அவள் சிரித்தாள். "எங்கம்மா ஏழு பெத்தவ. அப்பிடியே பொறக்காட்டியும் என்னா, பன்னெண்டு வருசம் கழிச்சு இன்னொருத்தியக் கூட்டியாருவாக. நானும் ஒங்கள மாதிரித் தட்டெடுத்துக் குடுத்துட்டு அடுப்படியில கெடப்பேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். இராமலெட்சுமிக்குக் கை ஓடவில்லை. அதுவரை அவள் தன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தன் பாய், தன் அடுப்பு, தன் புருஷன். இப்போது எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகளை முந்தானையால் மூடுவார்கள். இதையும் மலடி என்பார்கள். தெரிந்துகொண்டே "நான் தந்தேன்" என்று சொன்னால் அந்த வார்த்தை இந்தப் பெண்ணின் வாழ்நாள் முழுக்கப் பொய்யாக இருக்கும். அந்தப் பொய்யை எடுத்துக் கொடுத்த கை தன்னுடையதாக இருக்கும்.

அன்றைக்கு அவள் தீர்மானித்துவிட்டாள். யாருக்கும் சொல்லவில்லை. பாக்கு வெட்டினாள், மாவிடித்தாள், நாகமணி சொன்ன வேலையெல்லாம் செய்தாள். "லயத்துக்காரின்னாலும் அடங்குனவ" என்று நாகமணி முதன்முறையாக நாலு பேருக்கு முன்னால் அவளைப் புகழ்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கருப்பருக்கு மாலை போட்டார்கள். அழகரை வேட்டி சட்டையோடு மணையில் உட்கார்த்தினார்கள். பாக்கியலெட்சுமி சிவப்புச் சேலையில் தலை குனிந்து பக்கத்தில் இருந்தாள். செல்லையா சூடம் காட்டி முடித்து, மஞ்சள் கயிறும் தேங்காயும் வெற்றிலையும் வைத்த பித்தளைத் தட்டைக் கல்லின் காலடியிலிருந்து எடுத்து இராமலெட்சுமியின் இரண்டு கையிலும் வைத்தார்.

அவள் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பயப்படுகிறாள் என்று நினைத்தார்கள். போத்தா, போய்க் குடு என்று பின்னால் நின்ற பெண்கள் மெதுவாகச் சொன்னார்கள். நாகமணி முழங்கையால் இடித்தாள். இராமலெட்சுமி இரண்டடி பின்னுக்குப் போய் மதிலில் முதுகைக் கொடுத்து நின்றாள். எல்லா முகமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுடைய வாழ்நாளில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"இத நான் குடுக்கமாட்டேன் மாமா" என்றாள் செல்லையாவிடம்.

செல்லையாவுக்குக் கத்தவும் வரவில்லை. தட்டைப் பிடுங்கலாமென்றால் வேறு கை பட்டுவிடும். தெமட்டகொடை அக்காள் முன்வரிசையில்தான் இருந்தாள். ஆனால் மூத்தவள் சாகவுமில்லை, தாய் வீட்டுக்குப் போகவுமில்லை, தட்டோடு கண்முன்னால் நிற்கிறாள். கொடுக்க மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் என்ன செய்வதென்று அவர்களுடைய வழக்கத்தில் எங்கேயும் இல்லை. அப்படி ஒருத்தி சொல்வாள் என்று அதை உண்டாக்கியவர்கள் நினைத்ததே இல்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்திருந்தால் அவள் கையில் கொடுத்திருக்க மாட்டோமே என்று யாரோ சொன்னது அவளுக்குக் கேட்டது.

நாகமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "என் வீட்டு வெளக்க அணைக்க வந்தவளே. வயித்துல ஒரு புழுப்பூச்சி இல்லாத மலடி, ஒனக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா? ஒன்னைய வெரட்டாம வச்சிருந்தது எங்க பிழை."

இராமலெட்சுமி மாமியாரைப் பார்க்கவில்லை. மணையில் இருந்தவரைப் பார்த்தாள். வேட்டிக் கரையை விரலால் திருகிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க" என்றாள். "இத்தன வருசமா அந்தப் பேர ஒங்களுக்காகச் சொமந்தேன். இன்னம் சொமப்பேன், எனக்கு வலிக்கல. இந்தப் புள்ள தலையில தூக்கி வைக்க என் கை வராது. குடுன்னு நீங்க கருப்பரப் பாத்துச் சொல்லுங்க. இப்பவே குடுத்துட்டு மஸ்கெலியாவுக்குப் போயிடுறேன்."

அழகர் கருப்பரைப் பார்த்தார். அந்தக் கல்லின் முன்னால் பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். தங்கையா எழும்பி நின்று, என்ன கதை இது, என்ன பேர், யார் சுமந்தது என்று கேட்டார். வெளியே வீதியில் பொலிஸ் ஜீப்பொன்று போன சத்தம் அடங்கும்வரை எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

அவர் பார்ப்பம் என்று சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அப்படிச் சொன்னால் தட்டோடு அந்த மதிலடியிலேயே உட்கார்ந்துவிடுவதென்று இருந்தாள்.

"மாமா" என்றார் அழகர், தங்கையாவிடம். "புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க. கொற எங்கிட்ட. டொக்டர் சொல்லி நாலஞ்சு வருசமாச்சு. இராமலெட்சுமிக்கிட்ட ஒண்ணுமில்ல."

அவர் மணையிலிருந்து எழும்பினார். யாரையும் பார்க்காமல் முடுக்கு வழியாக வீதிக்குப் போனார். செருப்புக்கூடப் போடவில்லை.

உண்மை வெளியே வந்துவிட்டது, இனி எல்லாம் விளங்கிவிடும் என்று இராமலெட்சுமி நினைத்திருந்தால் அது அவளுடைய பிழை. பங்காளிகளில் ஒருவர்கூட நம்பவில்லை. மூத்த வீட்டு ஆம்பிளைக்குக் குறையா, கருப்பர் விடுவாரா என்றார்கள். பெண்டாட்டியைக் காப்பாற்றத் தன் மேல் போட்டுக்கொண்டான் என்றார் செல்லையா. மருந்து வைத்து மயக்கிவிட்டாள், ஊமைச்சியாக இருந்து அவனுடைய வாயையும் கட்டிவிட்டாள் என்று நாகமணி மண்ணை வாரித் தூற்றினாள். தங்கையா மட்டும் நம்பினாரோ, இல்லை அவமானத்தில் நிற்க முடியவில்லையோ, மகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பினார். போகும்போது பாக்கியலெட்சுமி சிவப்புச் சேலையோடு கதவடியில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"எனக்குத் தனியாச் சொல்லியிருக்கலாம்ல அக்கா. எல்லாரு முன்னாலயும் மணையில உக்கார வச்சு எழுப்பிட்டீங்க. இனி என்னைய யாரு கட்டுவா?"

அந்தப் பெண் கேட்டது நியாயம். முன்னாலே சொல்லியிருந்தால் பேச்சு வெளியே போய்த் தட்டு இராமலெட்சுமியின் கைக்கே வந்திருக்காது என்பதும் நியாயம். இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் வெகுநாள் புரண்டாள். ஆனால் கொடுத்திருக்கலாமோ என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

அதன் பிறகு தோட்டத்தில் அவர்களைத் தள்ளி வைத்தார்கள். குழாயடியில் அவள் வாளியை வைத்தால் பங்காளி வீட்டுப் பெண்கள் தங்கள் வாளிகளை எடுத்துவிடுவார்கள். வாளியை எடுத்தால் நல்லது, முதலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகலாம் என்று அவளும் பிடித்துக்கொண்டு போனாள். நாகமணி மூட்டை கட்டிக்கொண்டு செல்லையா வீட்டுக்குப் போனாள். அழகர் ஹாபரிலேயே ஆட்களோடு படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் உடுப்பு மாற்றுவார், சாப்பிடுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். அவள் அவரைக் கெஞ்சவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். போய் மன்னிப்புக் கேட்டுச் சேர்ந்துகொள் புள்ள, ஆம்புளைட மானம் போனது லேசில்ல என்று இப்போது ரபீக்காவே சொன்னாள். போனது பொய்தான் தாத்தா, மானமில்லை என்றாள் இராமலெட்சுமி. ரபீக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளை ஒரு தடவை பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு இப்படிப் பேசவும் வருமா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

ஆடி நெருங்கியதும் செல்லையா ஒரு சேதி சொல்லி அனுப்பினார். அதை அழகரே கொண்டுவந்தார். பூசையன்று காலையில் இராமலெட்சுமி எல்லோருக்கும் முன்னால் கருப்பர் காலில் விழ வேண்டும். தன் புருஷனை அப்படிச் சொல்ல வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வீட்டைச் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய அரிசி பானையில் விழாது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு சுளகு அரிசி கொண்டுவந்து போட்டால்தான் அந்த வீடு பங்காளி. அரிசி விழாத வீட்டில் சாவு விழுந்தாலும் தோள் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். சண்டைக் காலத்தில், கொழும்பில், நாலு தோள் இல்லாமல் இருப்பதென்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும்.

அழகர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே சொல்லி முடித்தார். அவள் கடைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அவள் இரண்டு சட்டையை மடித்துவிட்டாள்.

"அந்த வார்த்த அவளோடது இல்ல, என்னோடதுன்னு சொன்னேன்" என்றார். "சித்தப்பா அடிக்க வந்தாரு. அம்மா தலையில அடிச்சுக்கிட்டுச்சு. மறுவாட்டியும் சொன்னேன்."

அவள் எழும்பிப் போய்த் தட்டில் சோறு போட்டாள். அன்று அவர் ஹாபருக்குப் படுக்கப் போகவில்லை.

பூசையன்று காலை இராமலெட்சுமி கல்யாணச் சேலையை எடுத்து உடுத்தினாள். சுளகில் பச்சரிசி அளந்தாள். எங்கே போகிறாய் என்று அழகர் கேட்கவில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலே வந்தார். தகரக் கூரைக்குக் கீழே பானை கொதித்துக்கொண்டிருந்தது. அழகரைத் தள்ளி வைத்திருந்ததால் செல்லையாவின் மகன் நெருப்பு வைத்திருந்தான். பெண்கள் வரிசையாக அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் வரிசை தானாக விலகியது.

"யாருடி ஒன்னையக் கூப்பிட்டா?" என்றாள் நாகமணி.

"யாரும் கூப்பிடல அத்த" என்றாள். "கருப்பர் ஒங்களுக்கு மட்டுமா கப்பலேறி வந்தாரு?"

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். செல்லையா பாய்ந்து வந்தார். காலில் விழுந்துவிட்டுத்தான் அரிசி என்றார். மாட்டேன் என்றாள். காலில் விழாதவளுடைய அரிசி பானையில் விழாது என்று சொல்லி அவர் பானையின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

இராமலெட்சுமி சுளகை ஏந்தியபடி பானைக்கு எதிரே நின்றாள். பேசவில்லை. பேசாமல் நிற்பதில் அவளை அந்தத் தோட்டத்தில் யாரும் மிஞ்ச முடியாது. பானைக்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆவி செல்லையாவின் விரல்களுக்கு இடையால் பிதுங்கி வந்தது. அவருடைய முகம் சிவந்து வேர்த்தது. ஒரு கையை எடுத்து மறு கையை வைத்தார். அதுவும் சிவந்தது. அழகர் அவளுடைய தோளோடு தோளாக வந்து நின்றார். சித்தப்பா, கை வெந்துபோகும் என்றார், மரியாதையாகத்தான்.

செல்லையா கையை இழுத்து வேட்டிக்குள் பொத்திக்கொண்டார்.

இராமலெட்சுமி சுளகைச் சாய்த்தாள். அரிசி முழுவதும் பானைக்குள் விழுந்தது, ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த அரிசியோடு கலந்தது. இனி எது யாருடைய அரிசி என்று கருப்பருக்கும் பிரிக்கத் தெரியாது. வெறும் சுளகைத் தட்டிவிட்டு, மற்றப் பெண்களோடு அவளும் வரிசையில் உட்கார்ந்தாள்.